ஜெயசீலனின் அடிக்குறிப்பு

சென்ற செவ்வாய்க்கிழமை காலை நம் முதுநிலை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஜெயசீலனின் படம் வந்தது. பிறந்தநாள் என்று நினைத்துத்தான் திறந்தேன். நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் போய்விட்டான் என்று கீழே எழுதியிருந்தது. முப்பத்தைந்து சாகிற வயதா?

வேலப்பன்சாவடியில் நம்மோடு அறிவுசார் சொத்துரிமைச் சட்டம் படித்தவனை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பதிப்புரிமைப் பாடத்தையே ஜெராக்ஸ் எடுத்த புத்தகத்தில் படித்த கூட்டம் நாம். அவன் மட்டும் தன் நகலின் முதல் பக்கத்தில் ஆசிரியர் பெயரைப் பெரிதாக எழுதி வைப்பான். கருத்தரங்கக் கட்டுரை ஒன்றில் 'டீக்கடை மாஸ்டர், நேரில் சொன்னது' என்று அடிக்குறிப்புப் போட்டிருந்தான். பேராசிரியர் உட்பட எல்லோரும் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை. "அவரு சொன்னதுதானே சார்? நான் சொன்ன மாரி எப்டி போடறது?" என்றான்.

காரணத்தை ஒருநாள் அதே டீக்கடையில் என்னிடம் சொன்னான். அவன் அப்பா அம்பத்தூரில் ஒரு சிறிய பட்டறையில் லேத் ஓட்டியவர். கடையும்போது இரும்பு நழுவாமலிருக்க அவர் யோசித்துச் செய்த பிடிமானத்துக்கு முதலாளி காப்புரிமை வாங்கினார். கண்டுபிடித்தவர் என்ற இடத்திலும் முதலாளி பெயரே இருந்தது. "உரிமைய விக்கலாம் மா, அது வியாபாரம். கண்டுபுடிச்சவன் பேர இன்னாத்துக்கு எடுக்கறே?" என்றான்.

இனி நான் சொல்லப்போவது உங்களில் யாருக்கும் தெரியாது. அந்த வாதத்தை வைத்துத்தான் என் முதல் கட்டுரையை எழுதினேன். அது ஆய்விதழில் வந்தது. அதைக் காட்டித்தான் எனக்கு விரிவுரையாளர் வேலை கிடைத்தது. அதிலுள்ள நாற்பது அடிக்குறிப்புகளில் ஒன்றில்கூட அவன் பெயர் இல்லை. பேச்சில் வந்ததற்கு எப்படி மேற்கோள் காட்டுவது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். டீக்கடை மாஸ்டருக்கு அவன் கொடுத்த இடத்தை நான் அவனுக்குக் கொடுக்கவில்லை. படித்துவிட்டு போன் செய்தான். "நல்லா கீது மா," என்றான், அவ்வளவுதான். அதன்பிறகு அவன் கூப்பிட்டபோதெல்லாம் வேலை இருக்கிறது என்று சொல்லித் தவிர்த்தது நான்தான்.

துக்கம் கேட்கப் போனபோது, திருமுல்லைவாயில் வீட்டில் அவன் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ கூடப் படிச்ச பொண்ணுதானே? எம்புள்ள எழுதனது எதுனா அச்சுல வந்து கீதா மா?" என்று கேட்டார். வந்திருக்கிறது, கொண்டுவந்து தருகிறேன் என்றேன். வெளியே வந்து செருப்பைத் தேடுவதுபோல் நின்று அழுதேன்.

நடந்ததை ஆய்விதழுக்கு எழுதிவிட்டேன். அவன் பெயரைச் சேர்ப்பார்களா, கட்டுரையையே நீக்குவார்களா, என் வேலை என்னவாகும், எதுவும் தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. அவனிடமிருந்து நான் வைத்துக்கொள்ளப்போவது யார் சொன்னதோ அவர் பெயரைப் போடும் அந்தப் பழக்கம் ஒன்றைத்தான். ஞாயிற்றுக்கிழமை அவன் அப்பாவிடம் அந்தக் கட்டுரையின் பிரதியைக் கொடுக்கப் போகிறேன். முதல் பக்கத்தில், என் பெயருக்கு மேலே, பெரிதாக எழுதியிருக்கிறேன்: ஜெயசீலன், நேரில் சொன்னது.