ஸ்டம்புக்குப் பின்னால் மச்சான்

கீரப்பாளையம் யூனியன் ஆபீசில் ஜீப் ஓட்டிய பொன்னுரங்கத்துக்கு, முப்பத்து நாலு வயதுவரை தான் ஒரு ஃபாஸ்ட் பவுலர் என்பதில் சந்தேகமே வந்ததில்லை. பவுண்டரிக் கோட்டுப் பக்கத்திலிருந்து ஓடி வருவார். புழுதி கிளம்பும், மூச்சு இரைக்கும், அம்பயர் பயந்து ஒதுங்குவார். இத்தனை ஆர்ப்பாட்டத்துக்கும் பிறகு கையை விட்டுப் புறப்படும் பந்து, குளத்துக்குப் போகிற கிழ எருமை மாதிரி நிதானமாகப் போகும்.

இதை யாரும் அவரிடம் சொன்னதில்லை. டீமுக்குப் பந்து வாங்கித் தருகிறவர் அவர்தான். விக்கெட் கீப்பர் செம்பியன் அவர் மனைவி இலக்கியாவின் தம்பி. அக்கா புருஷனுக்கு மரியாதையாக, நிஜ ஃபாஸ்ட் பவுலருக்கு நிற்பதுபோல ஸ்டம்பை விட்டு இருபது அடி பின்னால் போய் நிற்பான். பந்து இரண்டு குத்து குத்தி, மீதித் தூரம் உருண்டு வந்து சேரும்.

2009 மாசியில் மஞ்சக்குப்பம் மைதானத்தில் டோர்னமென்ட். எதிர் டீமின் இளவரசு ஒவ்வொரு பந்துக்கும் கிரீஸை விட்டு இரண்டு எட்டு இறங்கி வந்து வெளுத்தான். கீப்பர் அவ்வளவு தூரத்தில் நிற்கும்போது அவனுக்கென்ன பயம்? பொன்னுரங்கத்தின் இரண்டு ஓவரில் முப்பத்தோரு ரன்.

மூன்றாவது ஓவருக்கு ஓடி வந்தவர் பாதி வழியில் பார்த்தால், செம்பியன் ஸ்டம்பை ஒட்டிக் குந்தியிருக்கிறான். நடு மைதானத்தில் வேட்டியை உருவிவிட்ட மாதிரி இருந்தது அவருக்கு.

“அது ஸ்பின்னருக்கு நிக்கிற எடம் மச்சான். பின்னால போ.”

“பின்னால பந்து வந்து சேர மாட்டேங்குது மாமா. பொறுக்கிப் பொறுக்கி இடுப்பு போச்சு.”

பக்கத்தில் நின்ற ஃபீல்டர் வாயைப் பொத்திக்கொண்டான். பொன்னுரங்கம் ஐந்து எட்டு கூடுதலாகவே பின்னால் போய், மச்சானின் மூக்கைப் பெயர்க்கும் முடிவோடு ஓடி வந்து போட்டார். பந்து எப்போதும் போலவே போனது. இளவரசு இறங்கி வந்து மட்டையை வீசினான். அது சுற்றி முடிந்த பிறகுதான் பந்து வந்தது. செம்பியன் பிடித்து ஸ்டம்பைத் தட்டினான்; இளவரசு அவுட். அதே ஓவரில் இன்னொன்று, அடுத்த ஓவரில் இரண்டு. நாலும் ஸ்டம்பிங்.

ஜெயித்தார்கள். அவருக்குச் சுவர்க்கடிகாரம் கொடுத்தபோது மைக்கில் “சுழற்பந்து வீச்சாளர்” என்று அறிவித்தார்கள். அவர் மைக்கை வாங்கி, தான் ஃபாஸ்ட் என்று திருத்தினார். மோர் விற்றவர்கூடச் சிரித்தார்.

பதினோரு நாள் மச்சானோடு பேச்சில்லை. பன்னிரண்டாம் நாள் இலக்கியா குழம்பு ஊற்றியபடியே சொன்னாள்: “பந்த மெதுவா போட்டுட்டு கோவத்த மட்டும் வேகமா காட்டுறீங்க. அவன வுட்டா ஒங்களுக்கு விக்கெட் எடுத்துக் குடுக்க யாரு இருக்கா?”

பொன்னுரங்கம் சாப்பிட்டுக் கை கழுவியதும் செம்பியனுக்குப் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார். எங்கே வேண்டுமானாலும் நின்றுகொள்ளவும் சொன்னார்.

அதன்பின் ஓட்டத்தைப் பத்து எட்டாகக் குறைத்துக்கொண்டார். கேட்டவர்களிடம் ஷூ தேய்கிறது என்றார். மூன்று வருஷம் சிதம்பரம் வட்டாரத்தில் விக்கெட்டுகளாக விழுந்தன. 2012இல் ஒரு கல்லூரி பவுலர் தேடி வந்து, வேகப்பந்துக்கு நடுவே ஏமாற்றிப் போடும் அந்த ஸ்லோ பாலை எப்படிப் போடுகிறார் என்று பவ்வியமாகக் கேட்டான்.

பொன்னுரங்கம் நிஜமாகவே குழம்பினார்.

“எதத் தம்பி கேக்குற? நான் போடுறது எல்லாம் ஒரே பந்துதான்.”