காப்புக் கட்டிய மாசியில் விழுந்த பனி

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வரிசையாகப் பன்னிரண்டு காம்பராக்கள், ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை. பன்னிரண்டிலும் வானம் பார்த்துச் சொல்கிறவர்கள் இருந்தார்கள். தை பிறந்துவிட்டால் மாசி முடிகிற வரைக்கும் அவர்களுக்கு வேறு பேச்சே கிடையாது. எங்கள் மலையில் அந்த இரண்டு மாதமும் காலம் அப்படி ஆட்டம் காட்டும். விடியும்போது புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும். கம்பளியைப் போர்த்திக்கொண்டு வேலைக்குப் போவோம். பத்து மணிக்கு வெயில் முதுகைப் பொசுக்கும். உதடு வெடித்து ரத்தம் கசியும். மூன்று மணிக்கு எங்கிருந்தோ மேகம் இறங்கி ஒரு தூறல் போட்டுவிட்டுப் போகும். மறுநாள் பேய்க்காற்று. அதற்கு மறுநாள் எதிரில் நிற்கிற ஆள் தெரியாத மூட்டம்.

இந்த ஆட்டத்தை வேடிக்கை பார்க்க எங்களுக்கு வசதி இல்லை. பனி விழுந்தால் கொழுந்து கருகும். கொழுந்து கருகினால் அந்த மலையில் பல நாளைக்கு வேலை இல்லை. அதனால்தான் ஆளுக்கு ஒரு அடையாளம் வைத்துக்கொண்டு வானத்தை வேவு பார்த்தோம்.

பக்கத்துக் காம்பரா அக்கா, மலைத் தண்ணீர் வந்து விழுகிற பீலிக்குப் பக்கத்தில் ஒரு தகர வட்டிலில் தண்ணீர் வைத்திருப்பாள். காலையில் அது உறைந்திருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்த்து, "இன்னிக்கு ஏடு கட்டியிருக்கு", "இன்னிக்கு ஒண்ணுமில்ல" என்று லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி அறிவிப்பாள். ஆறு பிள்ளை பெற்றவள். அந்த ஆறு பிள்ளைகளின் பெயரால் அவள் எதைச் சொன்னாலும் யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள். கடைசிக் காம்பராவில் இருந்த, தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்துக்கார மாமா புகையைப் பார்ப்பார். அடுப்புப் புகை நேராக மேலே போனால் பனி, கூரையிலேயே படுத்துக்கொண்டால் மழை. மற்றவர்களுக்கெல்லாம் நானுஓயா ரயில்தான். சாயந்திர வண்டி ஊதுவது தெளிவாகக் கேட்டால் வானம் திறந்து கிடக்கிறது, பனி வரும் என்று அர்த்தம். காம்பராச் சுவர்கள் கூரை வரைக்கும் போகாது. ஒருவர் சொன்னால் சுவருக்கு மேலேயே பதில் வரும், அதற்கு மறுபதிலும் வரும். படுத்துக்கொண்டே வானத்தைப் பற்றிச் சண்டை போட்ட சனங்கள் நாங்கள்.

இலங்கை சுதந்திரம் அடைந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். எனக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம். பிள்ளை இல்லை. அந்த மாசியில் என் வீட்டுக்காரர் காமன் கூத்தில் மதன் வேஷம் கட்டுவதாக வேண்டிக்கொண்டார். எங்கள் சனங்களுக்குள் அது பெரிய வேண்டுதல். அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் காமன் கம்பத்தை ஊன்றி, வேஷக்காரர் கையில் காப்புக் கட்டுவார்கள். பௌர்ணமியில் காமன் எரிந்த பிறகுதான் அதை அவிழ்க்கலாம். அது வரைக்கும் கவுச்சி கிடையாது, மனைவி பக்கத்தில் படுக்கை கிடையாது, முக்கியமாக எல்லை தாண்டக் கூடாது. தாண்டினால் வேண்டுதல் பாழ், கேட்டது கிடைக்காது. கவ்வாத்துக்கார மாமாதான் கூத்துக்கு வாத்தியார். எங்கள் பக்கத்துக்கு எல்லை கீழே ஓடுகிற ஆறு என்று அவர்தான் கோடு கிழித்து வைத்திருந்தார்.

சிக்கல் என்னவென்றால், என் வீட்டுக்காரருக்கு வேலையே ஆற்றுக்கு அந்தப் பக்கம். அங்கே பள்ளத்தில் தவறணை இருந்தது. தேயிலைக் கன்றுகளை வளர்க்கிற பாத்திகளைத் தவறணை என்போம். அந்த வருஷம் தோட்டத்தை நடத்துகிற தொரை புது ரகக் கன்றுகளை எங்கிருந்தோ தருவித்து, பிள்ளையைப் பார்ப்பது போலத் தினமும் வந்து பார்த்துக்கொண்டிருந்தார். காவலும் பொறுப்பும் என் வீட்டுக்காரருக்கு. நடவுக்கு முன்னால் கன்றுகளை வெயிலுக்குப் பழக்க வேண்டும் என்று மேலே போட்டிருந்த மானாப்புல் தட்டிகளை எடுத்து ஓரமாக அடுக்கியிருந்தார்கள். பனி வந்தால் தட்டியைத் திரும்பப் போட வேண்டும்.

"பனி இனிமே வராதுன்னு சொல்லுங்க, காப்புக் கட்டிக்கிறேன்," என்று இவர் லயத்துக்கு நடுவில் நின்று கேட்டார். விளையாட்டாகக் கேட்கவில்லை.

எல்லோரும் கூடி யோசித்தார்கள். அக்காவின் வட்டிலில் நாலு நாளாக ஏடு கட்டவில்லை. புகை கூரையில் படுத்திருந்தது. ரயில் ஊதுவது கம்பளிக்குள் இருந்து கேட்கிற மாதிரிதான் கேட்டது. "பனி போயிருச்சு மாப்ள. இனிமே மழைதான். நீங்க தைரியமா கட்டுங்க," என்றார் மாமா. பன்னிரண்டு காம்பராவும் ஒரே வார்த்தை சொன்னது அந்த ஒரு தடவைதான். எங்கள் ஆட்கள் ஒத்துப் போகும்போதுதான் பயப்பட வேண்டும் என்று எனக்கு அப்போது தெரியாது.

இவர் கண்டாக்கு ஐயாவிடம் போய்ச் சொன்னார். கண்டாக்கு என்றால் தொரைக்கு அடுத்து எங்களை மேய்க்கிறவர். அவரும் தமிழர்தான், எங்கள் வழக்கமெல்லாம் அத்துப்படி. பகலில் தண்ணீர் ஊற்ற வேறு ஒரு ஆளைப் போட்டுத் தருகிறேன், ஆனால் கன்றுக்கு ஏதாவது வந்தால் நீதான் பதில் சொல்ல வேண்டும் என்று ஒப்புக்கொண்டார். இவர் காப்புக் கட்டிக்கொண்டார். மஞ்சள் துணி சுற்றிய அந்தக் கையை நான் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பார்ப்பேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதற்குள் பிள்ளைக்குப் பெயர்கூட யோசித்து வைத்திருந்தேன்.

ஆறாம் நாள் மத்தியானத்துக்கு மேல் காற்று நின்றது. மேகமெல்லாம் ஓடி மறைந்து வானம் நீலமாக, ஒரு பொட்டு இல்லாமல் நின்றது. மலையிலிருந்து இறங்கும்போதே காது மடல் விறைத்தது. லயத்துக்கு வந்தால் பன்னிரண்டு அடுப்புப் புகையும் நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. சாயந்திர வண்டி ஊதியது, பக்கத்தில் நின்று ஊதுகிற மாதிரி.

இவர் ஆற்றங்கரை வரைக்கும் போய் நின்றார். பகல் ஆள் அதற்குள் வீட்டுக்குப் போய்விட்டான். அவன் வேறு லயம், இரண்டு மைலுக்கு அந்தப் பக்கம். இவர் ஒரு காலை எடுத்துத் தண்ணீரில் இருக்கிற கல்லில் வைத்ததை நான் பார்த்தேன். ஓடிப் போய்க் கையைப் பிடித்தேன்.

"நீங்க தாண்ட வேணாங்க. நான் போறேன்."

"ஒத்தையில எப்படிம்மா போடுவ? அம்புட்டுப் பாத்தி."

"அக்காவக் கூப்பிட்டுக்கிறேன்."

அக்காவும் நானும், இன்னும் மூன்று பெண்களுமாக ஆற்றைத் தாண்டினோம். கொழுந்து பறிக்கிற பெண்களுக்குத் தவறணையில் ஒரு வேலையும் இல்லை. கேட்காமல் உள்ளே போனதே குற்றம். இருட்டுவதற்குள் ஓடி ஓடிப் போட்டோம். இவர் லயத்துப் பக்கக் கரையிலேயே நின்று, "அந்த ஓரம் விட்டுப்போச்சு, மேல் பாத்தியப் பாருங்க" என்று கத்திக்கொண்டே இருந்தார். எல்லாப் பாத்தியையும் மூடிவிட்டோம். காலையில் என்ன செய்ய வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

மறுநாள் அக்காவின் வட்டிலைக் கவிழ்த்தபோது வட்டமாக ஒரு கண்ணாடி விழுந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு முன்னால் ஓடிப் பார்த்துவிட்டு வரலாம் என்று நாங்கள் ஐந்து பேரும் மறுபடி ஆற்றைத் தாண்டினோம். இவர் காமன் ஊன்றிய இடத்தில் காலைப் பூசையில் இருந்தார். தட்டிகள் மேல் பனி மாவு மாதிரி படிந்திருந்தது. நான் ஒரு தட்டியைத் தூக்கி உள்ளே பார்த்தேன். கன்றுகள் பச்சையாக இருந்தன. சந்து வழியாக இறங்கிய பனி இலையின் ஓரத்தில் மட்டும் மெல்லிசாக மின்னியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு சந்தோஷம்.

அப்போது மலை முகட்டுக்கு மேல் வெயில் எட்டிப் பார்த்தது.

"தட்டிய எடுத்துரு தங்கச்சி. ராவெல்லாம் வெறச்சுப் போயிருக்கு. வெயில் காட்டுனாத்தான் உசுரு திரும்பும்," என்றாள் அக்கா. "என் புள்ளைங்க ஆறையும் நான் அப்படித்தான் காப்பாத்தினேன். தையில பொறந்தவன் நீலம் பாரிச்சுப் போனப்ப, எண்ணெயத் தேச்சு எளவெயில்ல போட்டேன், பொழச்சுக்கிட்டான்."

மற்ற மூவரும் ஆமாம் என்றார்கள். எல்லோரும் பிள்ளை பெற்றவர்கள். எங்கள் லயத்தில் குளிரில் விறைத்த குழந்தையை அப்படித்தான் வெயிலில் கிடத்துவார்கள், நானே பார்த்திருக்கிறேன். பெறாதவள் நான் என்ன சொல்ல முடியும்? சொல்லவும் தோன்றவில்லை. முதல் தட்டியை நான்தான் எடுத்தேன். பிறகு எல்லாவற்றையும் எடுத்து, வெயில் நன்றாகப் படும்படி ஓரமாக அடுக்கிவிட்டு, திருப்தியோடு வேலைக்கு ஓடினோம்.

பனி பட்ட இலையில் எடுத்த எடுப்பில் வெயில் விழக்கூடாது. தண்ணீரைத் தெளித்துப் பனியைக் கழுவி, வெயில் ஏறும் வரை நிழலிலேயே வைத்து, மெல்ல மெல்லத் திறக்க வேண்டும். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. பத்து மணிக்குள் அத்தனை கன்றும் கருத்துத் துவண்டு, வெந்த கீரையாகப் பாத்தியில் ஒட்டிக் கிடந்தது. பகல் ஆள் வந்து பார்த்துவிட்டுக் கண்டாக்கு ஐயாவிடம் ஓடினான். நாங்கள் அடுக்கி வைத்த தட்டிகளின் நிழல் விழுந்த ஓரத்தில் மட்டும் நாலைந்து கன்று பச்சையாக நின்றதாம். அதை வைத்துத்தான் பனி கொல்லவில்லை, திறந்தவன் கொன்றான் என்று தொரை கண்டுபிடித்தார்.

சேதி சாயந்திரம் இவருக்குத் தெரிந்தது. காம்பராவில் என்னிடம் ஒரே கேள்வி கேட்டார். "யாரு தெறந்தது?"

"நான்தாங்க. வெயில் படட்டும்னு."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் பெரட்டுக் களத்தில் தொரையே வந்து நின்றார். அவர் இங்கிலீஷில் இரண்டு வார்த்தை சொன்னார். கண்டாக்கு ஐயா எங்கள் பக்கம் திரும்பி, "தவறணையில தட்டியத் தெறந்தது யாரு? இப்பச் சொன்னா அவங்களுக்கு மட்டும் பத்துச்சீட்டு. சொல்லாட்டி உங்க லயத்துக்கே," என்றார். பத்துச்சீட்டு என்றால் கணக்கை முடித்துத் தோட்டத்தை விட்டே அனுப்புவது. அக்கா என் முந்தானையைப் பிடித்தாள். வாயைத் திறக்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே நின்றேன்.

"நான்தாங்க ஐயா," என்று இவர் முன்னால் போனார். "விடியக்காலம் ஆத்தத் தாண்டிப் போயி நான்தான் தெறந்தேன். புத்தி கெட்டுப் போச்சுங்க."

கண்டாக்கு ஐயா சிரித்தார். "மதன் வேஷக்காரன் ஆத்தத் தாண்டினானா? காப்போடயா? யாருக்குடா காது குத்துற?"

"தாண்டினேனுங்க."

"தாண்டினவன் கையில காப்பு எதுக்கு?"

வாத்தியார் மாமா ஒரு அடி முன்னால் வந்தார், பிறகு நின்றுவிட்டார். அன்று காலையில் இவர் பூசையில் இருந்ததைக் கண்ணால் பார்த்தவர் அவர். இவர் மாமாவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. வலது கைக் காப்பை இடது கையால் பிடித்து இழுத்தார். முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்து, மண்ணில் போடாமல் மடியில் சொருகிக்கொண்டார்.

தொரைக்கு அதெல்லாம் விளங்கவில்லை. உள்ளதைச் சொன்னதற்காகப் பத்துச்சீட்டு வேண்டாம், தவறணையிலிருந்து எடுத்து மண்வெட்டி வேலையில் போடு என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். உள்ளதைச் சொன்னதற்காக! நான் அந்த ஜீப்பைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மதன் வேஷம் வேறு ஒருவருக்குப் போனது. அவிழ்த்த காப்பைத் திரும்பக் கட்டும் வழக்கம் இல்லை. இரண்டு நாளில் மூட்டம் வந்து, மழை பிடித்து, மறுபடி வெயில் அடித்தது. அக்கா வட்டிலை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். அந்த மாசி முழுக்கச் சுவருக்கு மேல் ஒருவரும் வானத்தைப் பற்றிப் பேசவில்லை.

நாலைந்து வருஷம் போனது. மாமா போய்ச் சேர்ந்தார். அக்கா குடும்பம் வலப்பனைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போய்விட்டது. மற்ற மூன்று பெண்களும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. பிறந்திருக்குமா என்று நானாகக் கேட்டுக்கொள்வதை மட்டும் நிறுத்த முடியவில்லை. இவர் ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஒரு மாசியில் அக்கா இருந்த காம்பராவுக்குப் புதுப் பெண் ஒருத்தி வந்தாள். பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தோம். இவர் மண்வெட்டியோடு எங்களைக் கடந்து போனார். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "பாவங்க அக்கா நீங்க. காப்போட ஆத்தத் தாண்டிட்டாராமே. அவரு செஞ்சதுக்கு நீங்கள்ல புள்ள இல்லாமக் கெடக்கிறீங்க."

இவர் காதில் விழுந்திருக்கும். பத்தடி தூரம்கூட இல்லை. திரும்பிப் பார்க்காமல் நடந்தார். நான் குடம் நிறைகிற வரைக்கும் நின்றேன், பிறகு இடுப்பில் எடுத்து வைத்துக்கொண்டு, "ஆமாம்மா" என்றேன்.