மரவள்ளிக்குப் பக்கத்தில் இஞ்சி

பேக்கரியில் பாண்கூடக் கிடைக்காத இந்தக் காலத்தில், அழகுக்குக் குரோட்டன் நின்ற முற்றங்களில் சாப்பிடக்கூடியவற்றை அழகாக நட்டுக் கொடுத்து வருகிறேன். முதலில் தாளில் படம் கீறிக் காட்டித்தான் நடுவேன்.

இன்று ஊர்காவற்றுறை பஸ்ஸில், கரம்பொனில் நான் முற்றம் அமைத்துக் கொடுத்த வீட்டுக்காரி ஏறினார்.

"மாஸ்டர், இஞ்சி முழுதையும் பிடுங்கி எறிஞ்சிட்டன்."

"ஏன் பிள்ளை?"

"மரவள்ளிக்குக் கீழ இஞ்சி நிண்டால் கிழங்கில நஞ்சேறாதோ? கிழங்கு திண்ட மகள் வயித்தைப் பிரட்டிச் சத்தியெடுத்து ஆஸ்பத்திரியில கிடக்கிறாள்."

இஞ்சிக்கு நிழல் வேண்டுமென்றுதான் அங்கே வைத்தேன். இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் நஞ்சு, சாகவும் கூடும் என்பார்கள். சேர்த்து நடக் கூடாது என்று எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. அதைச் சொல்ல வாயெடுக்க, அவர் முந்திக்கொண்டார்.

"நீங்கள் ஒருநாளாவது ரெண்டையும் சேர்த்துத் திண்டனீங்களோ?"

"இல்லை."

"மாஸ்டர் படம் மட்டுந்தான் கீறுவார், அக்கா. தின்னுறது நாங்கள்" என்றார் கொண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. அந்தத் தாய் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து என் முற்றத்து இஞ்சியையும் பிடுங்கிவிட்டேன். காரணம் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

இதை வாசிப்பவர்களில் இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டவர்கள் யாராவது இருந்தால், பதில் எழுதக்கூடிய நிலையிலும் இருந்தால், தயவுசெய்து எழுதுங்கள்.