கொசாக்குகளும் பென்சில் செருப்புகளும்

பிரேசர் டவுனில் ஒரு பழைய புத்தகக் கடை. சிறுவயதில் தமிழில் படித்த ருஷ்யப் படக்கதைகள் கிடைக்குமா என்று கேட்கிறேன். கடைக்காரர் நாற்காலிக்கு அடியிலிருந்து ஒன்றை எடுத்துத் தூசி தட்டுகிறார். "காட்டறேன் சார். ஆனா கொடுக்கறதுக்கு இல்ல."

எங்கள் வீட்டில் இருந்த அதே புத்தகம். மாஸ்கோவிலிருந்து தோற்றுத் திரும்பும் பிரெஞ்சுப் படை பனியில் நடக்கிறது. காட்டுக்குள்ளிருந்து ருஷ்யாவின் கொசாக் குதிரை வீரர்கள் ஈட்டியோடு பாய்கிறார்கள். பின்தங்கிய சிப்பாய்களின் கால்களில் கந்தல் துணி மட்டும். இந்தப் பிரதியில் அந்தக் கால்களுக்கெல்லாம் யாரோ பென்சிலால் ரப்பர் செருப்பு வரைந்திருக்கிறார்கள், வார் உட்பட.

"என் தங்கச்சி வேல சார். நாங்கல்லாம் குதிரையத்தான் பாத்தோம். அது மட்டும், பாவம், இவங்களுக்குக் கால் சில்லுன்னு இருக்கும்லன்னு கேட்டுச்சு. கொடுக்கலன்னு மனசுல பேஜார் பண்ணிக்காதீங்க, வேற ஏதாச்சும் பாருங்க."

எனக்கு அந்தப் பக்கத்தைத் திருப்ப மனம் வரவில்லை. எங்கள் கோடை விடுமுறை ஆட்டமே இதுதான். ஒட்டடைக் கம்பை ஈட்டியாகப் பிடித்து சைக்கிளில் பாயும் கொசாக் எப்போதும் நான். ஓடும் பிரெஞ்சுக்காரன் எப்போதும் தம்பி. அவனைத் தெருமுனை வரை விரட்டுவேன். அவ்வளவு சந்தோஷமான நாட்கள் என்று இன்றுவரை எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

அந்தத் தார் ரோட்டில், மே மாத வெயிலில், தம்பி வெறுங்காலோடுதான் ஓடினான்.