கரைக்கு வந்த பிறகு

என் அக்காவைக் கட்டியவர் கடற்படையில் பெரிய அதிகாரி. அணுசக்தியில் ஓடும் நீர்மூழ்கிக் கப்பல்களின் உலைகள் அத்தனையும் அவர் பொறுப்பு. வீட்டில் குக்கர் விசில் அடித்தால்கூட அடுப்படிக்கு ஓடிவந்து எட்டிப் பார்ப்பார். "வெறும் குக்கர்தான் அத்தான், வெடிச்சிடாது" என்று கிண்டல் செய்வேன். சிரிக்கவே மாட்டார். வேலையில் தப்பு செய்தவனை மன்னித்துவிடுவார். செய்த தப்பை மறைத்தவனை அன்றைக்கே கப்பலை விட்டு இறக்கிவிடுவார். பொய் அவருக்கு அறவே ஆகாது.

இளவயதில் அவரே உலையைக் கவனிக்கும் வேலையில் இருந்தபோது, நடுக்கடலில் அவருடைய அப்பா இறந்த செய்தி வந்ததாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தவர், அளவு காட்டும் முள்ளைத் தப்பாகப் படித்து உலையையே நிறுத்திவிட்டார். கடலடியில் அத்தனை பேரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். அதனால், பதவிக்கு வந்ததும் அவர் போட்ட முதல் உத்தரவு இதுதான்: கடலில் இருப்பவனுக்கு வீட்டுத் துக்கம் போகக் கூடாது. கரைக்கு வந்த பிறகு சொல்லலாம்.

அது என் அக்கா தலையிலேயே வந்து விடியும் என்று யார் கண்டது!

அவளுடைய ஒரே மகனுக்கும் நீர்மூழ்கிக் கப்பலில்தான் வேலை. அவன் கடலுக்குப் போகும்போது நன்றாக இருந்தவள்தான். பிறகு புற்றுநோய் என்றார்கள், அதுவும் முற்றிவிட்டதாம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். "அவனை வரச் சொல்லுங்க. ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேன்."

அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஹெலிகாப்டர் போய்ப் பையனைக் கூட்டி வந்திருக்கும். வராந்தாவில் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஊருக்குத்தான் சட்டம், பெத்தவளுக்குமா? நெஞ்சுல ஈரமே இல்லையா அத்தான்?"

"மத்த பசங்களோட அம்மா போனப்ப நான் சொல்லவிடலம்மா. இப்ப எந்த முகத்தோட சொல்வேன்?"

பாழாய்ப்போன உத்தரவு! அன்றோடு அவரிடம் பேசுவதை விட்டேன். அக்கா வாசலைப் பார்த்தபடியே போய்ச் சேர்ந்தாள்.

கப்பல் வந்த அன்று நானும் துறைமுகத்துக்குப் போனேன். நடந்ததைப் பையனிடம் போட்டு உடைத்துவிடுவது என்றுதான் போனேன். தாடியும் சிரிப்புமாக இறங்கியவன், எங்களுக்குப் பின்னால் தேடினான். "அம்மா வரலையா?"

அத்தான் நோயைச் சொன்னார், சாவையும் சொன்னார். பையன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அப்பாவை நிமிர்ந்து பார்த்தான்.

"என்னைக் கேட்டாங்களாப்பா?"

"இல்லப்பா. கடைசியில அவளுக்கு நினைவே இல்ல."

பையன் என்னைப் பார்த்தான். "நிஜமாவா சித்தி?"

பொய்யே ஆகாத அந்த மனுஷன், என் முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியாமல் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஆமாண்டா கண்ணா" என்றேன். "அவளுக்கு எதுவுமே தெரியல."