அட்ஜஸ்ட் பண்ணிய லெஹங்கா

போன ஞாயிற்றுக்கிழமை. திருவேற்காட்டிலிருந்து பூந்தமல்லிக்கு ஷேர் ஆட்டோ. மூன்று பேர் உட்காரும் சீட்டில் ஏற்கெனவே நான்கு பேர். நூம்பல் பக்கத்தில் டிரைவர் பிரேக் போட்டார்.

“கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க சார்.”

யாராவது ஆங்கிலத்தை இஷ்டத்துக்குப் புழங்கினால் எனக்கு வாய் சும்மா இருக்காது... உங்களுக்குத் தெரியாததா? “கண்ணாடிய அட்ஜஸ்ட் பண்ணலாம், பெல்ட்ட பண்ணலாம். மனுஷன எப்படிப்பா பண்றது?” என்றேன்.

“இன்னா சார், கிளாஸ் எடுக்கிறியா? அந்தக்கா எவ்ளோ நேரமா நின்னுகினு கீது, பாரு!”

பார்த்தேன். பெரிய பிளாஸ்டிக் கவரை இரண்டு கைகளிலும் ஏந்தியபடி ஒரு பெண். உள்ளே கல் பதித்த சிவப்பு லெஹங்கா.

“மத்தியானம் லுஹர் தொழுகை முடிஞ்சதும் தங்கச்சிக்கு நிக்காஹ்ணா. இடுப்பு டைட்டா இருக்குன்னு டெய்லர்கிட்ட பிரிச்சுத் தச்சு எடுத்துகினு வரேன். மடிச்சா கல்லு கொட்டிடும். ரெண்டு ஆட்டோ ஏத்தாமலே போய்ட்டாங்க...”

மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. அழுதுவிடுவார் போலிருந்தது.

ஓரத்தில் இருந்த இளைஞர் இறங்கி, டிரைவர் பக்கத்தில் ஒண்டிக்கொண்டார். காய்கறிப் பையோடு வந்த அம்மா பையைக் காலடிக்குத் தள்ளினார். லெஹங்கா எங்கள் எல்லோர் மடியிலும் நீளமாகப் படுத்துக்கொண்டது. ஒரு முனை என் பொறுப்பு! பள்ளம் வரும்போதெல்லாம் சேர்ந்தாற்போல் தூக்கிப் பிடித்தோம்.

‘அட்ஜஸ்ட்’டுக்கு அகராதியைப் புரட்டினால் சரிப்படுத்து, பொருத்து, பழகிக்கொள் என்றிருக்கும். தன் இடத்தில் கொஞ்சத்தை முன்பின் தெரியாதவருக்கு முகம் சுளிக்காமல் விட்டுக்கொடுப்பது — இந்த அர்த்தம் நாம் போட்டது. இதே சொல்லை வைத்துத்தான் குண்டும் குழியுமான ரோட்டையும் நம் தலையில் கட்டுகிறார்கள் என்பது வேறு கதை. ஆனாலும் எனக்கு அன்றைக்கு மனசு நிறைந்துதான் போயிற்று.

டிரைவர் ரூட்டை விட்டு விலகி கல்யாண மண்டப வாசலுக்கே போனார். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அந்தப் பெண் உள்ளே ஓடினார். ஆட்டோ கிளம்பவில்லை. கிளம்பச் சொல்லவும் யாருக்கும் மனசில்லை. சரியாக இருக்குமா? மறுபடி இடுப்பில் இறுக்கினால் என்ன செய்வார்கள்?

கொஞ்ச நேரத்தில் மாடி ஜன்னலில் அவர் தலை தெரிந்தது. “கரெக்டா இருக்குண்ணா!”

ஆட்டோ மொத்தமும் கை தட்டியது, நானும்தான்.

முகம்கூடப் பார்க்காத ஒரு மணப்பெண்ணின் இடுப்பளவுக்காகக் கை தட்டிவிட்டு வந்ததை... வீட்டில் இன்னும் சொல்லவில்லை.