கிடா இறங்கிய தீவு

கிருஷ்ணகிரி அணையில் முதன்முதலாகத் தண்ணீர் நின்ற வருஷம், ஊர்க்காரர்கள் விறகு பொறுக்கிய கரடு ஒன்று தீவாகிவிட்டது. தாவரவியல் ஆராய்ச்சி மாணவனான நான், அங்கே எந்தச் செடி பிழைக்கிறது, எது போகிறது என்று குறித்துவரப் பரிசலில் போய்வந்தேன்.

பாறை இடுக்கில் மஞ்சள் பூவோடு ஒரு சிறு செடி. அடிவாரத்தில் இருந்ததெல்லாம் நீரில் மூழ்கிவிட்டது. சுற்றுவட்டாரக் கரடுகளில் தேடியும் கிடைக்கவில்லை. மேலே பதினொன்று மிச்சம். விதை முற்ற ஒரு மாதம் வேண்டும்.

ஒருநாள் தீவில் ஒரு கிடா நின்றது. மூன்று செடிகள் மொட்டை. பரிசல்காரரிடம் கத்தினேன்.

"சாமிக்கு நேந்துவிட்ட கிடா சார். கட்டக் கூடாது, அடிக்கக் கூடாது. ஊர் ராகியெல்லாம் மேஞ்சுது. அதான் பண்டிகை வரைக்கும் இங்க இருக்கட்டும்னு கொண்டாந்து விட்டுட்டோம்" என்றார்.

நேர்ந்துகொண்ட அம்மாளைத் தேடிப் போனேன். அணை வேலைக்குப் போய்க் காய்ச்சலில் விழுந்த மகன் பிழைத்ததற்காக விட்ட கிடா அது. காய்ந்த செடியொன்றைக் காட்டினேன்.

"மருந்துக்கு ஆவுமா?"

"ஆகாதும்மா."

"மாடாவது திங்குமா?"

"தெரியலை."

"பின்ன எதுக்கு சார் இந்தப் பாடு?"

"வேற எங்கயும் இல்லம்மா. இது போனா அவ்வளவுதான்."

அவர் கட்டிலில் கிடந்த மகனைப் பார்த்தார்.

"எனக்கும் இவன் ஒருத்தன்தான்" என்றார்.

மறுநாள் அவரே பரிசலேறி வந்தார். எங்களுக்குப் போக்குக் காட்டிய கிடா, அவர் தெலுங்கில் "ரா, ரா" என்றதும் நல்ல பிள்ளையாக வந்து ஏறிக்கொண்டது.

"மறுபடியும் ஊர் ராகிக் கொல்லையில வாய் வெக்குமே" என்றார் பரிசல்காரர்.

"எங்க கொல்லையிலயே விட்டுடறேன். வயிறு ரொம்பினா வேற எங்க போவும்?"

எட்டுச் செடிகளும் விதை விட்டன. தீப்பெட்டி நிறைய எடுத்துக்கொண்டு அவரிடம் காட்ட ஓடினேன். அவருடைய ராகிக் கொல்லை பாதிக்கு மேல் மொட்டையாகிக் கிடந்தது. அவரோ தீப்பெட்டியைக் காதருகே ஆட்டிப் பார்த்து, "போதுமா சார்?" என்று கேட்டுவிட்டு, எனக்குக் களி உருண்டை வைத்தார்.

என் ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் பேராசிரியர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். அவர் இல்லை, அப்போது என் புத்தி அவ்வளவுதான். அந்த விதையில் முளைத்த செடிகள் எங்கே பூத்தாலும், அவர் வீட்டு ராகியில் வளர்ந்தவைதான்.